நேரலையும் இணைய ஓடையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருமணம், காதுகுத்து, குடமுழுக்கு போன்ற நிகழ்ச்சிகளை இணையத்தில் நேரலையாகக் காட்டித் தருவது என் தொழில். படம் பிடிப்பதில் பாதி நேரம் போகிறது என்றால், மீதி நேரம் சொற்களுக்கு விளக்கம் சொல்வதில் போகிறது. பெண் வீட்டார், மாப்பிள்ளை வீட்டார், புதிதாகத் தொழிலுக்கு வந்த ஒளிப்படக்காரர்கள் என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். புழக்கத்தில் நிலைத்துவிட்ட தமிழ்ச் சொல் இருந்தால் அதையும், இல்லாவிட்டால் கடையில் கேட்டால் புரியும் சொல்லையும் பயன்படுத்தியிருக்கிறேன்.

ஸ்ட்ரீமிங் என்பதற்கும் பதிவிறக்கம் என்பதற்கும் என்ன வேறுபாடு?

கோப்பு முழுவதும் நம் கருவிக்கு வந்து சேர்ந்து, அங்கேயே தங்கிவிடுவது பதிவிறக்கம். வந்துகொண்டிருக்கும்போதே பார்த்து, பார்த்து முடித்த பகுதியை வைத்துக்கொள்ளாமல் விட்டுவிடுவது ஸ்ட்ரீமிங். இதை 'ஓடை' என்று தமிழில் எழுதுகிறவர்கள் உண்டு. ஓடைநீரைத் தேக்கி வைக்காமல் ஓடும்போதே அள்ளிக் குடிக்கிறோம் என்பதால் அது பொருத்தமான சொல்தான். ஆனாலும் பேச்சில் 'ஸ்ட்ரீமிங்' என்பதே நின்றுவிட்டது.

'பதிவிறக்கினால்தான் டேட்டா செலவாகும், அப்படியே பார்த்தால் செலவாகாது' என்று நம்புகிறவர்களை இன்றும் சந்திக்கிறேன். இரண்டிலும் தரவு வந்தே ஆகவேண்டும். சொல்லப்போனால் ஒரே பாடலை நான்கு முறை ஸ்ட்ரீமிங்கில் கேட்டால் பெரும்பாலும் நான்கு முறை தரவு செலவாகும்; பதிவிறக்கி வைத்திருந்தால் ஒரு முறையோடு முடிந்திருக்கும்.

இது நேற்று வந்த நுட்பமும் அன்று. ரியல் ஆடியோ என்ற மென்பொருள் 1995ஆம் ஆண்டிலேயே, நொடிக்கு 14.4 கிலோபிட் மட்டுமே கடத்தக்கூடிய தொலைபேசி மோடத்தின் வழியாக வானொலித் தரத்தில் பேச்சை ஒலிக்கச் செய்தது. இந்தியாவில் அரசு நிறுவனமான வி.எஸ்.என்.எல். பொதுமக்களுக்கு இணைய இணைப்பு கொடுக்கத் தொடங்கியதும் அதே 1995 ஆகஸ்ட் 15 அன்றுதான்.

என் இணைப்பு 100 எம்பிபிஎஸ். ஆனால் பதிவிறக்கம் 12 எம்பி வேகத்தில்தான் போகிறது. ஏமாற்றுகிறார்களா?

இல்லை. 'எம்பிபிஎஸ்' என்பது நொடிக்கு எத்தனை மெகாபிட் என்ற கணக்கு; கோப்பின் அளவைச் சொல்லும் 'எம்பி' மெகாபைட். பிட் என்பது தரவின் மிகச் சிறிய அலகு; எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். 100ஐ எட்டால் வகுத்தால் 12.5 வருகிறது. இணைப்பின் வேகத்தைப் பிட்டிலும், கோப்பின் அளவைப் பைட்டிலும் சொல்வது உலகெங்கும் உள்ள வழக்கம். பிட்டில் சொன்னால் எண் பெரிதாகத் தெரிகிறது என்பது விற்பவர்களுக்கு வசதியாக அமைந்துவிட்டது.

பிட்ரேட் என்றால் என்ன? அதை ஏன் எல்லாவற்றுக்கும் காரணமாகச் சொல்கிறீர்கள்?

ஒரு நொடிக் காட்சியைச் சொல்ல எத்தனை பிட் செலவிடுகிறோம் என்பதே பிட்ரேட். இணைப்பின் வேகம் வரத்து, பிட்ரேட் செலவு. வரத்தைவிடச் செலவு மிகுந்தால் காட்சி நிற்கும். மற்றச் சொற்களில் பெரும்பாலானவை இந்தக் கணக்கைச் சுற்றியே வருவதால்தான் முதலில் இதைப் புரிந்துகொள்ளுங்கள் என்கிறேன்.

நேரலையில் பார்க்கவேண்டியது பதிவிறக்க வேகத்தை அன்று, பதிவேற்ற வேகத்தை, அதாவது அப்லோடு வேகத்தை. வீட்டு இணைப்புகள் சிலவற்றிலும் அலைபேசி இணைப்பிலும் இது பதிவிறக்க வேகத்தைவிட மிகவும் குறைவாகவே இருக்கும். இந்தப் பாடத்தை நான் கற்றது தஞ்சைப் பக்கத்து மண்டபம் ஒன்றில். முதல் நாள் இரவு சோதித்தபோது அப்லோடு வேகம் 15 எம்பிபிஎஸ் காட்டியது. கையில் நிறைய இருக்கிறது என்று நம்பி, பிட்ரேட்டை 6 எம்பிபிஎஸ் என்று வைத்தேன். காலையில் அறுநூறு பேர் வந்து அமர்ந்தார்கள். அறுநூறு பேர் கையிலும் அலைபேசி. எல்லாமே நான் நம்பியிருந்த அதே அலைபேசிக் கோபுரத்தோடு பேசிக்கொண்டிருந்தன. வேகம் 3 எம்பிபிஎஸுக்கு இறங்கியது. மணப்பெண் தலை குனிந்த இடத்தில், கனடாவின் டொராண்டோவில் பார்த்துக்கொண்டிருந்த உறவினர்களுக்குப் படம் உறைந்துவிட்டது. மறுபடி ஓடியபோது மொய் எழுதிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை அங்கிருந்து தொலைபேசியில் அழைத்து, "தாலி கட்டியாச்சா, இல்லையா?" என்று கேட்டார். இப்போதெல்லாம் கூட்டம் நிறைந்த பிறகு ஒருமுறை வேகத்தை அளந்து, அதில் பாதியைத்தான் பிட்ரேட்டாக வைக்கிறேன். முடிந்தால் மண்டபத்துக் கம்பிவழி இணைப்பையே கேட்டு வாங்கிவிடுகிறேன்.

அப்படியானால் அலைபேசியின் நாள்தோறும் 2 ஜிபி டேட்டா ஒரு திருமணத்துக்குப் போதுமா?

போதாது. 4 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் அனுப்பினால் நொடிக்கு அரை மெகாபைட், ஒரு மணி நேரத்துக்கு 1.8 ஜிபி செலவாகும். ஏறத்தாழ ஒரு மணி பத்து நிமிடத்தில் அன்றைய அளவு தீர்ந்து, பல திட்டங்களில் வேகம் 64 கிலோபிட்டுக்கு இறங்கிவிடும். அந்த வேகத்தில் பேச்சு மட்டுமே தட்டுத்தடுமாறிப் போகும். காலை ஆறு மணி முகூர்த்தத்துக்கு ஐந்து மணிக்கே ஆளில்லா மணவறையை நேரலையாகக் காட்டத் தொடங்குகிறவர்கள் இந்தக் கணக்கை மனத்தில் கொள்ளவேண்டும்.

திரையில் வட்டம் சுற்றுகிறதே, அதைத்தான் பஃபரிங் என்கிறார்களா?

பேச்சுவழக்கில் ஆம், நுட்பத்தின்படி அது பஃபர் தீர்ந்துபோனதன் அடையாளம். குடிநீர்க் குழாயில் தண்ணீர் வரும்போது மேல்நிலைத் தொட்டியில் ஏற்றி வைத்துக்கொள்வது போல, வரப்போகும் சில நொடிக் காட்சியை முன்கூட்டியே கருவி சேர்த்து வைத்துக்கொள்கிறது. அந்தத் தொட்டிக்குப் பெயர் பஃபர். குழாயில் வரத்து சற்று நின்றாலும் தொட்டியில் இருப்பது ஓடும். அதுவும் தீர்ந்தால்தான் வட்டம் சுற்றும். காணொளியின் கீழே ஓடும் கோட்டில், பார்த்த பகுதிக்கு முன்னால் வெளிர்நிறத்தில் நீண்டு தெரியும் பகுதியே தொட்டியில் இருக்கும் நீர். கலைச்சொல் அகராதிகள் 'இடையகம்' என்கின்றன. அந்தச் சொல்லை யாரும் வாயால் சொல்லி நான் கேட்டதில்லை.

720பி, 1080பி, 4கே என்பவை எதைக் குறிக்கின்றன?

படத்தில் எத்தனை பிக்சல், அதாவது படப்புள்ளிகள் உள்ளன என்பதை. 720பி என்றால் அகலத்தில் 1280, உயரத்தில் 720. 1080பி என்றால் 1920, 1080. தொலைக்காட்சிக் கடையில் 4கே என்று விற்பது 3840, 2160. முதல் இரண்டும் உயரத்தைப் பெயராக வைத்துக்கொள்ள, மூன்றாவது மட்டும் அகலத்தை, அதையும் 4000 என்று முழுமையாக்கிச் சொல்கிறது. பெயர் வைத்தவர்கள் ஒருமுறை கூடிப் பேசியிருந்தால் நமக்குக் குழப்பம் குறைந்திருக்கும். 1080பியில் சுமார் 20.7 இலட்சம் புள்ளிகள். 4கேயில் அதன் நான்கு மடங்கு.

'பி' என்பது ஒவ்வொரு முறையும் படத்தின் எல்லா வரிகளையும் முழுதாக வரைவதைக் குறிக்கும். பழைய தொலைக்காட்சி முறையில் ஒற்றைப்படை வரிகளை ஒருமுறையும் இரட்டைப்படை வரிகளை மறுமுறையும் வரைந்தார்கள். அதற்கு 'ஐ' என்ற எழுத்து. பழைய கேமராவில் எடுத்த காணொளியைக் கணினியில் பார்க்கும்போது, கையசைவின் ஓரத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் அது 'ஐ' வகை என்று அறியலாம்.

புள்ளிகள் கூடினால் தரம் கூடும் என்று முடிவு செய்துவிட வேண்டாம். பிட்ரேட்டை 2 எம்பிபிஎஸ் என்று நிறுத்திவைத்துக்கொண்டு 720பிக்குப் பதிலாக 1080பி அனுப்பினால், அதே பருப்பில் தண்ணீரைக் கூடுதலாக ஊற்றிச் சாம்பாரை நீட்டுவது போல்தான்.

ஃபிரேம் ரேட்?

நொடிக்கு எத்தனை படங்கள் என்ற கணக்கு. திரைப்படத்துக்கு 24, இந்தியத் தொலைக்காட்சி மரபில் 25, அலைபேசிகளில் பெரும்பாலும் 30 அல்லது 60. திருமணத்துக்கு 25 அல்லது 30 போதும். 60 வேண்டுமென்றால் பிட்ரேட்டையும் கூட்டவேண்டியிருக்கும்.

கோடெக் என்ற சொல்லை எல்லா இடத்திலும் பார்க்கிறேன். அது என்ன செய்கிறது?

சுருக்குகிறது, பிறகு விரிக்கிறது. சுருக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் பார்ப்போம். 1080பி படம் ஒன்றில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று பைட் ஒதுக்கினால், ஒரே ஒரு ஃபிரேமுக்கு 62 இலட்சம் பைட் ஆகிறது. நொடிக்கு 25 ஃபிரேம் என்றால் 1,244 எம்பிபிஎஸ். ஒரு மணி நேரத்துக்கு 560 ஜிபி. இதை 5 எம்பிபிஎஸ் அளவுக்குள் அடைப்பது என்றால், ஏறத்தாழ 250 பங்கில் ஒரு பங்காகச் சுருக்கவேண்டும். அந்த வேலையைச் செய்யும் கணித முறைக்குத்தான் கோடெக் என்று பெயர்.

அது கையாளும் உத்தி எளிது: மாறாததைத் திரும்பச் சொல்லாதே. மணவறையின் பின்னால் உள்ள வாழைமரமும், பூ அலங்காரமும், விளக்கும் ஒரு நொடி முன்பு எப்படி இருந்தனவோ அப்படியேதான் இப்போதும் இருக்கின்றன; அசைவது ஐயரின் கையும் உதடும் மட்டுமே. ஆகவே ஒரு ஃபிரேமை முழுப் படமாக அனுப்பிவிட்டு, அடுத்து வருபவற்றில் 'இந்தக் கட்டம் சற்று வலப்பக்கம் நகர்ந்தது, இந்தக் கட்டத்தில் நிறம் இவ்வளவு மாறியது' என்ற குறிப்புகளை மட்டும் கோடெக் அனுப்புகிறது. முழுப் படமாக வருவதற்குக் கீஃபிரேம் என்று பெயர். நேரலையில் இரண்டு நொடிக்கு ஒரு கீஃபிரேம் வைப்பது வழக்கம். இடையில் வந்து சேர்கிறவர்களுக்குக் காட்சி தொடங்குவதற்கும், வழியில் தரவு தொலைந்தால் படம் தன்னைச் சீர்செய்துகொள்வதற்கும் இந்தக் கீஃபிரேம்தான் பிடிமானம்.

இந்த உத்தி தோற்கும் இடம் ஒன்று உண்டு. அது நம் திருமணத்தின் மிக முக்கியமான பத்து நொடியில் அமைந்துவிட்டது என்பதுதான் என் தொழிலின் தலைவலி. கெட்டிமேளம் முழங்கியதும் நாலாபுறமிருந்தும் அட்சதை பறந்து வருகிறது. ஆயிரக்கணக்கான அரிசிமணிகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில், ஒவ்வொரு வேகத்தில். முந்தைய ஃபிரேமில் இருந்த எதுவும் அடுத்த ஃபிரேமில் அதே இடத்தில் இல்லை. நகர்ந்தது என்று சொல்லவும் முடியவில்லை. மாறாததைச் சொல்லாமல் விட்டுத்தான் பிட்டை மிச்சம் பிடித்துக்கொண்டிருந்த கோடெக்குக்கு, திடீரென்று எல்லாமே மாறிவிட்டது. கொடுத்த பிட்ரேட்டுக்குள் சொல்லி முடிக்க வேண்டுமே என்று அது நுணுக்கங்களைக் கைவிடுகிறது. மணமக்களின் முகம் சதுரம் சதுரமாகக் கலைகிறது. நடுக்கத்தில் கேமராக்காரர் கை ஆடிவிட்டது என்று வீட்டார் நினைத்துக்கொள்கிறார்கள். மேலைநாட்டு விழாக்களில் வண்ணக் காகிதத்துகள் தூவும்போதும் இதே சிக்கல்தான். ஓமப்புகையும் இப்படித்தான் படத்தைக் கெடுக்கும், ஆனால் மெதுவாகக் கெடுக்கும்.

நான் செய்வது இரண்டு. இணைப்பு நம்பிக்கையாக இல்லாதபோது முன்கூட்டியே 720பிக்கு இறங்கிவிடுகிறேன். அதே பிட்ரேட்டில் சுமக்கவேண்டிய புள்ளிகள் பாதிக்கும் கீழே குறைகின்றன. அந்த நேரத்தில் கேமராவை அசைப்பதோ ஜூம் செய்வதோ இல்லை. அட்சதையோடு கேமராவும் அசைந்தால் கோடெக்குக்குப் பற்றிக்கொள்ள எதுவுமே மிஞ்சாது.

எச்.264, எச்.265, ஏவி1 என்று பல கோடெக்குகள் இருக்கின்றனவே, எது நல்லது?

எச்.264 வெளிவந்தது 2003இல். இன்றும் அது ஓடாத கருவியைக் காண்பது அரிது. 2013இல் வந்த எச்.265, அதே தரத்தை ஏறத்தாழப் பாதிப் பிட்ரேட்டில் கொடுக்கும் என்பது அதை உருவாக்கியவர்களின் இலக்கு. ஆனால் அதைச் சுருக்கவும் விரிக்கவும் கருவி அதிகம் உழைக்கவேண்டும், காப்புரிமைக் கட்டணங்களும் சிக்கலானவை. அந்தக் கட்டணத்திலிருந்து தப்பவே கூகுள், நெட்ஃபிளிக்ஸ், அமேசான், மொசில்லா முதலியவை 2015இல் கூட்டமைப்பு ஒன்றை அமைத்து, 2018இல் ஏவி1 கோடெக்கை வெளியிட்டன. நேரலைக்கு எச்.264, வீட்டில் சேமித்து வைக்க எச்.265 என்பது என் வழக்கம்.

எம்பி4 என்பது கோடெக்தானே?

அன்று. எம்பி4, எம்கேவி, ஏவிஐ போன்றவை கொள்கலன்கள். சோற்றையும் குழம்பையும் பொரியலையும் அடுக்கி எடுத்துச்செல்லும் டிபன் கேரியர் மாதிரி, படம், ஒலி, வசன வரி ஆகியவற்றை ஒன்றாக அடுக்கிக் கொண்டுசெல்லும் பாத்திரங்கள். உள்ளே என்ன கோடெக் இருக்கிறது என்பது வெளியிலிருந்து தெரியாது. 'பென்டிரைவில் போட்டால் டிவியில் படம் ஓடுகிறது, ஒலி மட்டும் வரவில்லை' என்ற புகாருக்குக் காரணம் இதுவே. அந்தத் தொலைக்காட்சிக்குப் பாத்திரத்தைத் திறக்கத் தெரிகிறது, படத்தின் கோடெக்கும் தெரிகிறது, ஒலியின் கோடெக் தெரியவில்லை. கோப்பின் பெயரில் உள்ள 'எம்கேவி'யை அழித்து 'எம்பி4' என்று எழுதுவதால் பயன் இல்லை. அது பாத்திரத்தின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றுவதுதான்.

தொடக்கத்தில் மங்கலாக இருக்கும் படம் சில நொடிகளில் தானாகத் தெளிவாவது ஏன்?

நீங்கள் பார்ப்பது ஒரே காணொளி அன்று. சர்வரில் ஒரே காட்சி 240பி, 480பி, 720பி, 1080பி என்று பல தரங்களில் தயாராக இருக்கிறது. ஒவ்வொன்றும் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக நறுக்கப்பட்டிருக்கிறது. உங்கள் கருவி ஒரு துண்டை வாங்கி, அது எவ்வளவு நேரத்தில் வந்தது என்று அளந்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்கலாம் என்று முடிவு செய்கிறது. இணைப்பின் இயல்பு தெரியாத தொடக்கத்தில் குறைந்த தரத்தில் கேட்டுப் பார்ப்பதால் மங்கலாகத் தெரிகிறது. பேருந்தில் போகும்போது இடையிடையே படம் மங்குவதும் இதனால்தான்: நின்றுபோவதைவிட மங்குவது மேல் என்று வடிவமைத்திருக்கிறார்கள். இதற்கு அடாப்டிவ் பிட்ரேட் என்று பெயர். 'தகவமைக் காணொளி' என்று தமிழில் சொன்னால் நன்றாகத்தான் இருக்கும். ஆப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012இல் பன்னாட்டுத் தரமாக வெளிவந்த டேஷ் ஆகிய இரண்டும் இதற்குப் பெரிதும் பயன்படும் முறைகள்.

மண்டபத்தில் நடந்ததை அரை நிமிடம் கழித்தே வெளிநாட்டில் பார்க்கிறார்கள். தொலைவு காரணமா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். சென்னையிலிருந்து டொராண்டோ நேர்க்கோட்டில் 13,000 கிலோமீட்டருக்கும் மேல். கண்ணாடி இழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் போகிறது. கடலடிக் கம்பி வளைந்து நெளிந்து போனாலும் அரை நொடிகூட ஆகாது. தாமதம் வழியில் நேர்வதன்று, நறுக்குவதில் நேர்வது. ஆறு நொடித் துண்டு என்றால், அந்த ஆறு நொடி நடந்து முடிந்த பிறகே துண்டு தயாராகும். கருவிகள் பொதுவாக மூன்று துண்டுகள் கையில் சேரும்வரை பொறுத்துத்தான் ஓடத் தொடங்கும். அதிலேயே பதினெட்டு நொடி போய்விட்டது. சுருக்குவது, பல தரங்களாக மாற்றுவது, விநியோகிப்பது எல்லாம் சேர்த்தால் அரை நிமிடம் வந்துவிடும். இந்த இடைவெளிக்கு லேட்டன்சி என்று பெயர். கிரிக்கெட்டில் பக்கத்து வீட்டார் கூச்சலிட்ட பிறகு நம் அலைபேசியில் விக்கெட் விழுவதும் இதனால்தான்.

காணொளி அழைப்புகள் வெப்ஆர்டிசி போன்ற வேறு முறைகளால் ஒரு நொடிக்குள் போய்ச் சேர்கின்றன. அவை துண்டு நறுக்குவதில்லை, பஃபரும் மிகச் சிறியது. அதனால்தான் இணைப்பு சற்றுத் தளர்ந்தாலும் குரல் உடைகிறது. வெளிநாட்டிலிருக்கும் பாட்டி மணமக்களோடு பேசி ஆசி கூறவேண்டுமென்றால் அழைப்பு. ஐந்நூறு பேர் பார்த்தால் போதுமென்றால் நேரலை. இரண்டையும் ஒன்றிலேயே எதிர்பார்ப்பதில்தான் மனவருத்தம் வருகிறது.

ஆர்டிஎம்பி, ஸ்ட்ரீம் கீ என்று கேட்கிறார்கள். அவற்றை யாருக்கு அனுப்பலாம்?

ஆர்டிஎம்பி என்பது கேமராப் பக்கத்திலிருந்து சர்வருக்குக் காட்சியை ஏற்றும் வழி. ஃபிளாஷ் மென்பொருளுக்காக உருவான இந்த முறை, 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷ் ஆதரவு முடிந்த பிறகும் ஏற்றும் வேலைக்கு உயிரோடு இருக்கிறது. ஸ்ட்ரீம் கீ என்பது உங்கள் சேனலின் வீட்டுச் சாவி. அதை வைத்திருப்பவர் யாராக இருந்தாலும் உங்கள் பெயரில் எதையும் ஒளிபரப்பலாம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டியது பார்ப்பதற்கான இணைப்பை, சாவியை அன்று.

கோடிக்கணக்கானோர் ஒரே நேரத்தில் பார்த்தால் எப்படித் தாங்குகிறது?

வானொலி, தொலைக்காட்சி அலைபரப்பில் ஒருவர் கேட்டாலும் ஒரு கோடிப் பேர் கேட்டாலும் கோபுரத்துக்கு ஒரே செலவுதான். இணைய ஓடை அப்படியன்று. பார்க்கும் ஒவ்வொருவருக்கும் தனிப் பிரதி போகவேண்டும். 2023 நவம்பர் 19 அன்று ஆமதாபாத்தில் நடந்த உலகக் கோப்பை இறுதிப் போட்டியை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் 5.9 கோடிப் பேர் பார்த்ததாக அறிவித்தார்கள். தலைக்கு 2 எம்பிபிஎஸ் என்று வைத்தால்கூட மொத்தம் 11.8 கோடி எம்பிபிஎஸ். எந்த ஒற்றை இடத்திலிருந்தும் இதை அனுப்ப இயலாது. அதனால் துண்டுகளின் பிரதிகளை ஊர் ஊராக உள்ள சர்வர்களில் வைத்து, அருகில் இருப்பதிலிருந்து கொடுக்கிறார்கள். ரேஷன் அரிசி கிடங்கிலிருந்து நேராக வீட்டுக்கு வராமல் தெருக்கடை வழியாக வருவதைப் போன்றது. இந்த வலைப்பின்னலுக்குச் சிடிஎன் என்று பெயர். 1998இல் தொடங்கிய அகாமாய் இதில் முன்னோடி. ஒரே நேரத்தில் பார்த்தவர் எண்ணிக்கையும் மொத்தப் பார்வைகளின் எண்ணிக்கையும் வெவ்வேறு என்பதைச் செய்தி எழுதுகிறவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள்.

ஒலிக்கும் பிட்ரேட் உண்டா? நாதசுரம் ஏன் அறுந்து அறுந்து கேட்கிறது?

உண்டு. குறுந்தகட்டில் ஒலி நொடிக்கு 44,100 முறை, ஒவ்வொரு முறையும் 16 பிட்டில், இடம் வலம் என்று இரண்டு தடங்களில் அளக்கப்படுகிறது. பெருக்கினால் 1,411 கிலோபிட். அந்த 44,100தான் சாம்பிள் ரேட். எம்பி3யும் அதன் பின்வந்த ஏஏசியும் காதுக்கு எட்டாத நுணுக்கங்களை விட்டுவிட்டு அதை 128 கிலோபிட் அளவுக்குக் கொண்டுவருகின்றன. நேரலைக்கு 128 போதுமானது. படத்தின் பிட்ரேட்டோடு ஒப்பிட்டால் இது ஒரு செலவே இல்லை என்பதால் இதைக் குறைத்து மிச்சம் பிடிக்க முயலவேண்டாம்.

நாதசுரம் அறுபடுவதற்குப் பெரும்பாலும் பிட்ரேட் காரணமாக இருப்பதில்லை. அலுவலகக் கூட்டத்துக்கான செயலிகளில் மனிதக் குரலை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை இரைச்சலாகக் கருதி நீக்கும் ஏற்பாடு இயல்பாகவே இயக்கத்தில் இருக்கும். அதற்கு மின்விசிறியும் தவிலும் ஒன்றுதான். மங்கல இசை முழங்கும்போது அது முழு மூச்சோடு அதை அழிக்க முனைகிறது. அமைப்புகளில் இரைச்சல் நீக்கத்தை அணைத்துவிட்டால் சரியாகும். இன்னொரு காரணம், மேளக்காரர்களுக்கு அருகிலேயே மைக்கை வைத்து, ஒலி அளவு சிவப்புக் கோட்டைத் தாண்டிக் கரகரப்பது. அப்படிக் கரகரத்த ஒலியைப் பின்னால் எந்த மென்பொருளாலும் முழுமையாக மீட்க இயலாது.

எஸ்ஆர்டி கோப்பில் தமிழ் வசன வரிகள் கட்டம் கட்டமாகத் தெரிகின்றன. என்ன செய்வது?

எஸ்ஆர்டி என்பது, எந்த நொடியில் எந்த வரி தோன்றவேண்டும் என்று எழுதிய வெறும் எழுத்துக் கோப்பு. அதை யூடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையில் சேமிக்கவேண்டும். அதில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் மூன்று பைட். 'தமிழ்' என்ற சொல் நமக்கு மூன்று எழுத்து, கணினிக்கு ஐந்து குறியீடு, பதினைந்து பைட். வேறு முறையில் சேமித்தால் எழுத்துகள் குப்பையாகும். யூடிஎஃப்-8 ஆக இருந்தும் கட்டமாகத் தெரிந்தால், அந்தக் கருவியில் தமிழ் எழுத்துரு இல்லை என்று பொருள். இதே பெயரில், தரவு தொலையும் இணைப்பிலும் நேரலையைக் கொண்டுசெல்லும் முறை ஒன்றும் உண்டு. அதற்கும் வசன வரிக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

ஓடிடி என்றால்?

கேபிள், டிஷ் என்ற விநியோகக்காரரைச் சாராமல், ஏற்கெனவே உள்ள இணைய இணைப்பின் மேலேறி வரும் சேவை. திரைப்படம் 'ஓடிடியில் வந்துவிட்டது' என்று சொல்வதால் அது ஒரு நிறுவனத்தின் பெயர் என்று எண்ணிக்கொள்கிறவர்கள் உண்டு.

படச் செயலியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் கறுப்பாக வருகிறதே?

டிஆர்எம் என்னும் பூட்டு. காட்சி பூட்டப்பட்ட நிலையில் வந்து, கருவிக்குள் பாதுகாப்பான பகுதியில் மட்டுமே திறக்கப்படுகிறது. கூகுளின் வைட்வைன், ஆப்பிளின் ஃபேர்பிளே, மைக்ரோசாஃப்டின் பிளேரெடி ஆகியவை புழக்கத்தில் உள்ளவை. பணம் கட்டியும் சில அலைபேசிகளில் உயர்தரப் படம் வராமல் இருப்பதற்கு, அந்தக் கருவிக்கு வைட்வைனின் மேல்நிலைச் சான்று இல்லாததும் காரணமாக இருக்கலாம்.

மண்டபத்தில் திரைப்பாடல் ஒலித்ததால் நேரலை நின்றுவிட்டது. சட்டப்படி சரியா?

முதலில் சொல் திருத்தம். பாடலுக்கு உள்ளது பதிப்புரிமை. கோடெக் போன்ற கண்டுபிடிப்புக்கு உள்ளது காப்புரிமை. செய்தித்தாள்களில்கூட இவை மாறி வருகின்றன. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 52ஆம் பிரிவு, சமயச் சடங்குகளிலும் திருமண ஊர்வலத்திலும் திருமணம் சார்ந்த பிற விழாக்களிலும் பாடல்களை இசைப்பதற்கு விலக்கு அளிக்கிறது. மண்டபத்தோடு நிற்கும் வரை சிக்கல் இல்லை. அந்த விலக்கை இணைய நேரலைக்கும் நீட்டிக்கலாமா என்பது வாதத்துக்குரியது. ஒலிப்பதிவுகளை ஒப்பிட்டுப் பார்க்கும் தானியங்கி முறைக்குச் சட்டப்பிரிவு எதுவும் தெரியாது. பொருத்தம் கண்டால் நிறுத்திவிடும். ஒலிபெருக்கியில் பாடல் போடுகிறவரிடம் முன்கூட்டியே பேசிவைத்து, முகூர்த்தம் முடியும்வரை மேளம் மட்டும் போதும் என்று கேட்டுக்கொள்வது என் வழக்கம். நேரில் வாசிக்கப்படும் நாதசுரக் கீர்த்தனையை அந்த முறை பிடித்து நான் பார்த்ததில்லை.

இணைப்பு யாரிடம் போய்ச் சேரும்? நிகழ்ச்சி முடிந்த பிறகு காணொளி எங்கே இருக்கும்?

யூடியூபில் 'அன்லிஸ்டெட்' என்று வைத்தால் தேடலில் வராது, ஆனால் இணைப்பு கையில் கிடைத்த எவரும் பார்க்கலாம். குழுவுக்குக் குழு அது பரவுவதைத் தடுக்க வழியில்லை. 'பிரைவேட்' என்று வைத்தால் நீங்கள் அனுமதித்த கணக்குகள் மட்டுமே பார்க்கும். அதற்கு ஒவ்வொரு சித்தப்பாவின் மின்னஞ்சல் முகவரியையும் திரட்டவேண்டும் என்பதால் பலரும் முதல் வழியையே தேர்ந்தெடுக்கிறார்கள். நேரலை முடிந்ததும் காணொளி அந்தச் சேனலிலேயே தங்கும். சேனல் ஒளிபரப்பியவருடையதாக இருந்தால், அவர் கணக்கு போனால் உங்கள் காணொளியும் போகும். நேரலைப் பிரதி சுருக்கப்பட்டது, அட்சதை விழும் இடத்தில் கலைந்தது. கேமராவின் மெமரி கார்டில் பதிவான மூலக் கோப்பு அப்படிக் கலைந்திருக்காது. கார்டை அடுத்த நிகழ்ச்சிக்காக அழிப்பதற்கு முன்பே ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து அதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். நான் இரண்டு மாதம் வைத்திருப்பேன், எல்லாரும் அப்படி வைத்திருப்பதில்லை.